உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு: மீமிசல் வீட்டுக் கணினியில் பதிப்பு மாற்றம்

உங்கள் வீட்டுக் கணினியில் உபுண்டு 22.04 இருக்கிறது; அதை 24.04-க்கு மாற்ற நினைக்கிறீர்கள். கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். ஃபார்மேட் செய்யவும் வேண்டாம். கோப்புகள், நிரல்கள், அமைப்புகள் எல்லாம் இருக்கும் இடத்திலேயே இருக்க, அடியில் உள்ள இயங்குதளம் மட்டும் மாறும். கட்டளை எதுவும் தட்டத் தேவையில்லை, மவுஸ் போதும்.

இந்த வேலைக்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் தடையில்லாத மின்சாரமும் அளவில்லாத இணையமும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. புதுக்கோட்டை மாவட்டத்து மீமிசலில் பல வீடுகளுக்குக் கைபேசி ஹாட்ஸ்பாட்தான் இணையம். ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்த அத்தியாயத்தில் பொத்தான்களைவிட முன்தயாரிப்புக்கே அதிக இடம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். பதிப்பு மாற்றம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் கோப்புகள் இணையத்திலிருந்து இறங்கும், பிறகு நிறுவப்படும். இறங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நிறுத்தினாலும், இணையமே அறுந்தாலும் கணினிக்கு ஒன்றும் ஆகாது. நிறுவல் தொடங்கிவிட்டால் முடியும்வரை நிறுத்தவே கூடாது. கீழே சொல்லும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் கட்டத்தை இடையூறில்லாமல் கடப்பதற்காகவே.

இப்போதே மாற்ற வேண்டுமா?

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 22.04-க்கு 2027 வரையும் 24.04-க்கு 2029 வரையும் கிடைக்கும். 20.04-க்கான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. 20.04-இல் இருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். ஆனால் இடையில் உள்ள பதிப்பைத் தாண்டிக் குதிக்க முடியாது. 20.04-இலிருந்து முதலில் 22.04, பிறகுதான் 24.04. இன்னும் புதிய பதிப்புக்குப் போக நினைப்பவரும் 24.04 வழியாகத்தான் போக வேண்டும்.

கணினி மிகப் பழையது, மாற்றவே தயக்கமாக இருக்கிறது என்றால் உபுண்டு புரோ இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம். அதில் பதிந்துகொண்டால் அதே பதிப்புக்கு மொத்தம் பத்து ஆண்டுகள் திருத்தங்கள் வரும். பிரிண்டரும் ஸ்கேனரும் ஒழுங்காக ஓடும் கணினியை வெறும் ஆசைக்காக மாற்றாதீர்கள்.

புதிய பதிப்பு வந்த முதல் வாரத்திலேயே பாயவும் வேண்டாம். 24.04 வெளியானது 2024 ஏப்ரல் 25. 22.04-இல் இருப்பவர்களுக்கு மாறும் வழி திறந்தது, முதல் திருத்தப் பதிப்பான 24.04.1 ஆகஸ்ட் 29 அன்று வந்த பிறகுதான். அப்போதும் மாற்றும் நிரலிலேயே ஒரு பிழை தெரியவந்து, சில நாட்களில் வழியை மூடிச் சரிசெய்துவிட்டு மறுபடி திறந்தார்கள். திருத்தப் பதிப்பு வந்து ஒரு மாதம் பொறுப்பதுதான் வீட்டுக் கணினிக்கு நல்லது.

நாள் குறிப்பது

மீமிசலுக்குப் பொருத்தமான காலம் தை முதல் பங்குனி வரை. மழையும் இடியும் ஓய்ந்திருக்கும், கோடை வெயிலும் ஏறியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிருங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபின் புதுக்கோட்டை மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. புயல் சின்னம் என்று செய்தி வந்தாலே இந்த வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும், நாளிதழிலும் வரும். அதற்கு மறுநாள் காலையைத் தேர்ந்தெடுங்கள்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க: சிறிய யுபிஎஸ் பத்து, இருபது நிமிடம்தான் தாங்கும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் நிறுவல் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பது நல்லது. ஆனால் இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால் மின்சாரம் மாறும் அந்த ஒரு நொடியில் கணினி அணைந்துவிடலாம். முந்தின நாளே மெயினை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். மடிக்கணினியில் பேட்டரி செத்திருந்தால் அதையும் மேசைக் கணினியாகவே கருதுங்கள்.

இணையக் கணக்கு

மாற்றத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று ஜிபி வரை இறங்கும். எவ்வளவு என்பது உங்கள் கணினியில் உள்ள நிரல்களைப் பொறுத்தது. சரியான அளவைத் தொடங்குவதற்கு முன் திரையே காட்டும். உங்கள் கைபேசித் திட்டத்தில் ஒரு நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபிதான் என்றால் வேலையை இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் வழக்கமான புதுப்பிப்புகள், மறுநாள் பதிப்பு மாற்றம். பாதியில் அளவு தீர்ந்துபோனால் ரத்து செய்துவிடலாம். இறங்கியவை வட்டிலேயே இருக்கும், அடுத்த முறை மீதியிலிருந்து தொடரும்.

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். 24.04-இல் அது ஸ்னாப் தொகுப்பாக மாறிவிட்டது. அதனால் நிறுவல் கட்டத்திலும் இணையம் கேட்கும். அரை ஜிபியாவது கையில் மிச்சம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

குறிப்பு: வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுவது மேல். சில பழைய மடிக்கணினிகளில், குறிப்பாக பிராட்காம் வைஃபை உள்ளவற்றில், மாற்றம் முடிந்ததும் வைஃபை வேலை செய்யாமல் போகலாம். அப்போதும் யுஎஸ்பி டெதரிங் வேலை செய்யும். அதைக் கொண்டே வைஃபைக்கான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

நகல் எடுங்கள்

இந்த அத்தியாயத்தில் வேறு எதைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பிய படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்கள், பட்டா நகல், இறால் பண்ணைக் கணக்கு எல்லாம் அந்த ஒரு வட்டில்தான் இருக்கின்றன.

1. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணையுங்கள். ஹோம் கோப்புறையைத் திறந்து கன்ட்ரோல்+ஹெச் அழுத்துங்கள். மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். உலாவியின் கடவுச்சொற்கள், மின்னஞ்சல், நீங்கள் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. ஹோம் முழுவதையும் நகலெடுங்கள். உபுண்டுவிலேயே இருக்கும் பேக்கப்ஸ் என்ற நிரலும் இதைச் செய்யும்.

2. பென் டிரைவில் எடுப்பதாக இருந்தால் அது ஃபேட்32 வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. கல்யாண வீடியோக்கள் விடுபட்டுப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

3. நகல் முடிந்ததும் நாலைந்து கோப்புகளை வெளி வட்டிலிருந்தே திறந்து பாருங்கள். பிறகு வட்டைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். மாற்றம் நடக்கும்போது அது இணைப்பில் இருக்கக் கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறு: டைம்ஷிஃப்ட் ஓட்டிவிட்டு நகல் எடுத்தாயிற்று என்று இருந்துவிடுவது. டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைத்தான் காப்பாற்றும். இயல்பு அமைப்பில் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது தொடாது. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்.

வட்டும் பிரிண்டரும்

உப்புக் காற்று உள்ள ஊரில் கணினியின் இணைப்பு முனைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். தொடங்குவதற்கு முன் டிஸ்க்ஸ் என்ற நிரலைத் திறந்து, உங்கள் வட்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்மார்ட் தரவுப் பக்கத்தைப் பாருங்கள். வட்டு நலமாக இல்லை என்று காட்டினால் பதிப்பு மாற்றத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆயிரக்கணக்கான கோப்புகளை எழுதும் வேலை இது. தேய்ந்த வட்டு நடுவிலேயே நின்றுவிடும். அறந்தாங்கிக்குப் போய் ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் போட்டபின் தொடருங்கள்.

ஹார்ட் டிஸ்கில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

அடுத்து, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் 24.04-ஐ எழுதி வையுங்கள். உபுண்டுவில் உள்ள ஸ்டார்ட்அப் டிஸ்க் கிரியேட்டர் இதைச் செய்யும். கோப்பு கிட்டத்தட்ட 6 ஜிபி என்பதால் இணையம் வசதியான இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, நிறுவாமல் ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், புதிய பதிப்பில் வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கின்றனவா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். பிறகு ஏதாவது கெட்டுப்போனால் கோப்புகளை மீட்கவும் இதுவே உதவும்.

பிரிண்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஹெச்பி லேசர்ஜெட் 1020-உம் கேனான் எல்பிபி 2900-உம் இன்றும் நிறைய ஓடுகின்றன. ஹெச்பி பரவாயில்லை. பதிப்பு மாறியதும் அதன் ஹெச்பிலிப் கூறுக்கான பிளக்இன்னை மறுபடி இறக்க வேண்டும், அவ்வளவுதான். கேனான் 2900-க்கு நிறுவனத்தின் தனி டிரைவர் வேண்டும். புதிய பதிப்புகளில் அது எளிதில் அமைவதில்லை. அந்தப் பிரிண்டரை நம்பித்தான் வீட்டில் வருமானம் என்றால், 24.04-இல் அது ஓடும் என்று உறுதியாகத் தெரியும்வரை 22.04-இலேயே இருங்கள். ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி டோக்கன் வைத்திருப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

மாற்றத்தின் படிகள்

திரையில் ஆங்கிலத்தில் தெரியும் சொற்களை ஒலிப்பின்படி தந்திருக்கிறேன்.

1. செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைத் திறந்து, இப்போது 22.04 தான் என்று உறுதி செய்யுங்கள்.

2. சாஃப்ட்வேர் அப்டேட்டரை ஓட்டி, வரும் புதுப்பிப்புகள் எல்லாவற்றையும் நிறுவுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே தாவுவதுதான் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம்.

3. ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ நிரலைத் திறந்து, ‘அப்டேட்ஸ்’ பக்கத்தின் கடைசிப் பெட்டியில் ‘ஃபார் லாங் டேர்ம் சப்போர்ட் வெர்ஷன்ஸ்’ என்று இருக்கும்படி வையுங்கள்.

4. அதே நிரலில் ‘அதர் சாஃப்ட்வேர்’ பக்கத்துக்குப் போங்கள். நீங்கள் வெளியிலிருந்து சேர்த்த களஞ்சியங்கள் அங்கே இருக்கும். மாற்றத்தின்போது இவை தாமாக முடக்கப்படும். என்னென்ன இருந்தன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

5. செட்டிங்ஸில் பவர் பக்கத்தில் ‘ஆட்டோமேட்டிக் சஸ்பெண்ட்’ அணையுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகுங்கள். திறந்திருக்கும் நிரல்களை எல்லாம் மூடுங்கள். யாரும் தடுக்கி விழாத இடத்தில் வயர் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

6. சாஃப்ட்வேர் அப்டேட்டரை மறுபடி திறங்கள். எல்லாம் புதிதாக இருக்கிறது, ஆனால் 24.04 கிடைக்கிறது என்று ஓர் அறிவிப்பு வரும். ‘அப்கிரேட்’ அழுத்தி, கடவுச்சொல் கொடுங்கள்.

7. கணினி சிறிது நேரம் கணக்குப் போட்டபின், எத்தனை தொகுப்புகள் நீங்கும், எத்தனை புதிதாக வரும், எவ்வளவு இறங்கும் என்று சொல்லும். ‘டீடெய்ல்ஸ்’ திறந்து நீங்கப் போகும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். உங்களுக்கு அவசியமான நிரல் ஏதாவது அதில் இருந்தால் ரத்து செய்யுங்கள். திருப்தியானால் ‘ஸ்டார்ட் அப்கிரேட்’.

8. இறக்கம் நடக்கும். இதுவரை நிறுத்த உரிமை உண்டு. இறக்கம் முடியும் நேரத்தில் வானம் இருண்டிருந்தால், மின்சாரம் போய்ப் போய் வந்தால், ரத்து செய்துவிட்டு நாளை பார்க்கலாம்.

9. நிறுவல் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். மூடியை மூடாதீர்கள். பாட்டுக் கேட்க உலாவியைத் திறக்காதீர்கள். ஐகான்கள் மறைவதும் எழுத்து மாறுவதும் நடக்கும், பயப்பட வேண்டாம்.

10. கடைசியில் பழைய தொகுப்புகளை நீக்கலாமா என்று கேட்கும். வட்டில் இடம் இருந்தால் ‘கீப்’ என்று சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு நீக்கிக்கொள்ளலாம்.

11. ‘ரீஸ்டார்ட் நௌ’.

நடுவில் வரும் கேள்விகள்

நிறுவல் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் உடனே பவர் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். சாளரத்தின் அடியில் ‘டெர்மினல்’ என்று ஒரு சிறு முக்கோணம் இருக்கும். அதைத் திறந்தால் கணினி உங்களிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது தெரியலாம். நல்ல நிலையில் இருந்த கணினிகள் கெட்டுப்போவதற்கு அவசரத்தில் பவரை அணைத்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

பொதுவாக வரும் கேள்வி, அமைப்புக் கோப்பு ஒன்றை மாற்றலாமா என்பது. ‘கீப்’, ‘ரீப்ளேஸ்’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். அந்தக் கோப்பை நீங்களோ உங்களுக்குக் கணினி அமைத்துக் கொடுத்தவரோ மாற்றியிருந்தால்தான் இந்தக் கேள்வியே வரும். காரணம் தெரியாதபோது ‘கீப்’ பாதுகாப்பானது.

நிறுவல் நடுவில் மின்சாரம் போய்விட்டால்

1. மின்சாரம் நிலைத்து வந்தபின் கணினியைப் போடுங்கள். தொடங்கும்போதே எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியல் வரும்.

2. ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு’ என்பதில், ‘ரெகவரி மோட்’ என்று முடியும் ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். புதிய கர்னல் ஏறாவிட்டால் அதற்குக் கீழே உள்ள பழையதை எடுங்கள்.

3. வரும் பட்டியலில் முதலில் ‘நெட்வொர்க்’, அடுத்து ‘டிபிகேஜி’. இரண்டாவது, அரைகுறையாக நின்ற தொகுப்புகளைச் சரிசெய்து நிறுவலை முடிக்கும். நேரம் எடுக்கும், காத்திருங்கள்.

4. முடிந்ததும் ‘ரெஸ்யூம்’.

இதிலும் சரியாகவில்லை என்றால் பென் டிரைவிலிருந்து கணினியை இயக்குங்கள். நகல் எடுத்தபின் சேர்த்த கோப்புகள் ஏதாவது இருந்தால் வெளியே எடுத்துக்கொண்டு, 24.04-ஐப் புதிதாக நிறுவிவிடுங்கள். அரை நாள் போகும். ஆனால் நகல் கையில் இருப்பதால் ஒன்றும் தொலையாது.

முடிந்தபின் சோதிக்க வேண்டியவை

தமிழ்த் தட்டச்சிலிருந்து தொடங்குங்கள். செட்டிங்ஸில் கீபோர்டு பக்கத்தில் உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99 இருக்கிறதா என்று பாருங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற அந்த விசைப்பலகையை உபுண்டுவில் ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பு தருகிறது. காணோம் என்றால் சினாப்டிக் என்ற தொகுப்பு நிறுவும் நிரலில் தேடி அதை நிறுவி, லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். சினாப்டிக்கை மாற்றத்துக்கு முன்பே நிறுவி வைத்திருப்பது நல்லது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஒன்றையும் திறந்து பாருங்கள். லிப்ரே ஆபீஸ் 7.3-இலிருந்து 24.2-க்கு மாறியிருக்கும். எழுத்துகள் குழம்பித் தெரிந்தால் கோப்பு கெடவில்லை, எழுத்துரு விடுபட்டிருக்கிறது. நகலிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

பிறகு பிரிண்டர், வீடியோ அழைப்புக்கான கேமரா, மைக். தாளில் எழுதி வைத்த களஞ்சியங்களில் 24.04-க்கு வந்துவிட்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள்.

அதே கணினியில் விண்டோஸும் வைத்திருப்பவர்களுக்கு, கிரப் பட்டியலில் அது காணாமல் போகலாம். விண்டோஸ் அழியவில்லை, பட்டியலில் சேரவில்லை, அவ்வளவுதான். புதிய கிரப் மற்ற இயங்குதளங்களைத் தேடுவதை இயல்பாக நிறுத்தி வைத்திருக்கிறது. தற்போதைக்கு, கணினி தொடங்கும்போது லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 அழுத்தினால் வரும் பட்டியலிலிருந்து விண்டோஸுக்குள் போகலாம்.

அரசு கொடுத்த பழைய மடிக்கணினி என்றால்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பல வீடுகளில் இன்னும் பரணில் இருக்கின்றன. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை மறுபடி ஓடவைப்பது இந்த அத்தியாயத்திலேயே எனக்குப் பிடித்த வேலை.

ஆனால் வழி வேறு. அந்தக் காலப் பாஸ் பதிப்பிலிருந்து இன்றைய பதிப்புக்குப் படிப்படியாக ஏற முயல வேண்டாம். இடையில் தலைமுறைகள் பல. பழைய களஞ்சியங்களும் வழக்கமான இடத்தில் இல்லை. கோப்புகளை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

1. நினைவகம் எவ்வளவு என்று பாருங்கள். 2 ஜிபி என்றால் உபுண்டுவின் முழுத் திரைச்சூழல் தாங்காது. டிடிஆர்3 நினைவகம் ஒன்றைச் சேர்த்து 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும்.

2. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13-ஐ எல்எக்ஸ்க்யூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலோடு நிறுவுங்கள். லுபுண்டு 24.04-உம் இதே கணினியில் ஓடும், ஆனால் அதற்கு ஆதரவு மூன்று ஆண்டுதான். டெபியனுக்கு நீண்டகால ஆதரவோடு 2030 வரை கிடைக்கும் என்பதால் அதையே சொல்கிறேன்.

3. டெபியன் 13-க்கு 32 பிட் நிறுவல் கோப்பு கிடையாது. உங்கள் கணினியின் செயலி 64 பிட்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

4. நிறுவி முடித்ததும் ஐபஸ் எம்17என் சேர்த்துத் தமிழ்99 அமையுங்கள். தட்டச்சு, கணக்குத் தாள், பாடநூல் பிடிஎஃப், பள்ளிப் பிள்ளைகளின் பைத்தான் பயிற்சி எல்லாம் நன்றாக ஓடும். 2 ஜிபியிலேயே விட்டிருந்தால் உலாவியில் இரண்டு, மூன்று பக்கங்களுக்கு மேல் திறக்க வேண்டாம்.

இந்த வேலையில் எங்காவது சிக்கினால் தமிழிலேயே படிக்கக் கணியம் இதழ் இருக்கிறது; 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. உதவி கேட்கும்போது பதிப்பின் எண், கணினியின் மாடல், திரையில் வந்த பிழைச் செய்தியின் படம் ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இவை இருந்தால் பதில் சொல்பவர் முதல் தடவையிலேயே வழி காட்டிவிடுவார்.